ஆறு விழாத பகடை

எங்கள் வீட்டில் செய்த முதல் பகடையில் ஆறு விழுவது அபூர்வம். அதை முதலில் கண்டுபிடித்தவன் ஐந்து வயதுச் சின்னவன். "அம்மா, இதுல ஆறே இல்லம்மா" என்றான். ஆறு புள்ளி வைத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "இருக்கு, ஆனா வர மாட்டேங்குது" என்றான். தோற்கிற பிள்ளை சொல்கிற சாக்கு என்று நினைத்து நான் விட்டுவிட்டேன். ஒன்பது வயதுப் பெரியவள் விடவில்லை. நோட்டில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி, அறுபது தடவை உருட்டி, விழுந்ததை எல்லாம் கோடு கோடாகக் குறித்தாள். ஒன்று 19 தடவை, இரண்டு 9, மூன்று 11, நான்கு 10, ஐந்து 8. ஆறு மூன்றே மூன்று தடவை. தம்பி சொன்னது சரிதான்.

பகடையைச் செய்தது ஒரு பழைய மருந்து அட்டைப் பெட்டியில். சிலுவை வடிவத்தில் ஆறு சதுரம் வெட்டி, ஓரங்களில் ஒட்டுவதற்குச் சின்னச் சின்ன மடிப்புகள் விட்டு, கனசதுரமாக மடித்து ஒட்டியிருந்தோம். அந்த மடிப்புகளில் மூன்று, ஆறு இருக்கிற பக்கத்துக்கு உள்ளேயே போய்ச் சேர்ந்திருந்தன. பசையும் அங்கேதான் அதிகம். கனமான பக்கம் கீழே போய் உட்காரும். பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களின் கூட்டுத்தொகை ஏழு என்பதால், ஆறு கீழே உட்கார்ந்தால் மேலே தெரிவது ஒன்று. 19 தடவை ஒன்று விழுந்த காரணம் அதுதான்.

கடையில் வாங்கிய பகடையை யாரும் அறுபது தடவை உருட்டிப் பார்ப்பதில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். தன் கையால் செய்த பொருள் என்றால் பிள்ளைக்கு அதைச் சந்தேகிக்கிற உரிமை தானாகவே வந்துவிடுகிறது. பிரித்துப் பார்க்கவும் திருத்தவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருடமாகக் குப்பைக்குப் போகிற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்வதற்கு எனக்கு இதுதான் முக்கியமான காரணம். அட்டை மிச்சமாவது நல்லதுதான், ஆனால் அது இரண்டாவது காரணம்.

பகடையைத் திருத்த இரண்டு நாள் ஆனது. கனசதுரத்தை விரித்தால் கிடைக்கிற ஆறு சதுர வடிவம் மொத்தம் 11 வகை. சிலுவை அதில் ஒன்றுதான். பெரியவள் கட்டம் போட்ட தாளில் வரைந்து, வெட்டி, மடித்துப் பார்த்து ஏழு வகை வரை கண்டுபிடித்தாள். மீதி நான்கை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசியில் வந்தது இந்த வழி: மை தீர்ந்த பேனா முனையால் மடிக்க வேண்டிய கோட்டை அழுத்திக் கீறிக்கொண்டால் ஓரம் கூராக மடியும். மடிப்புகளை எல்லாப் பக்கத்துக்கும் பிரித்து விட வேண்டும். கடைசிப் பக்கத்தை மூடுவதற்கு முன் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே இறுக்கமாக அடைக்க வேண்டும். வெற்றுப் பகடையைவிட அடைத்த பகடை நன்றாக உருள்கிறது, விழுந்த இடத்தில் நசுங்குவதும் இல்லை. மறுபடி அறுபது தடவை உருட்டினோம். ஆறு எட்டு தடவை விழுந்தது. சின்னவன் ஒவ்வொரு ஆறுக்கும் எழுந்து நின்று கை தட்டினான்.

பகடை செய்யவே பொறுமை இல்லாத நாளில் நான்கு வட்டு போதும். அட்டையில் ஒரே அளவாக நான்கு வட்டம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் வண்ணம் அடித்து, கையில் குலுக்கிப் போட வேண்டும். எத்தனை வட்டில் வண்ணம் மேலே தெரிகிறதோ அத்தனை கட்டம் நகரலாம். நான்கு வட்டும் விழுகிற விதம் மொத்தம் 16. அதில் இரண்டு வண்ணம் வருவது ஆறு விதத்தில். ஒன்றோ மூன்றோ வருவது தலா நான்கு விதத்தில். நான்கும் வண்ணமாக விழுவது ஒரே ஒரு விதத்தில், ஒன்றுமே வராமல் போவதும் ஒரே விதத்தில். ஆறு பக்கப் பகடையில் எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. வட்டில் அப்படி இல்லை, நான்கு விழுந்தால் அது கொண்டாட வேண்டிய நான்கு. சோழி போட்டு விளையாடியவர்களுக்கு இந்த உணர்ச்சி தெரியும்.

இந்த வழி நான் கண்டுபிடித்தது இல்லை. இன்றைய ஈராக்கின் தெற்கே, 'ஊர்' என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் கல்லறைகளில் 1920களில் லியனார்டு வூலி தோண்டியபோது, இருபது கட்டம் கொண்ட ஆட்டப் பலகைகள் கிடைத்தன. வயது சுமார் 4,500 ஆண்டு. அந்த ஆட்டத்துக்கான பகடை நான்கு முனை கொண்டது. அதில் இரண்டு முனையில் மட்டும் குறி இருக்கும். போட்டால் குறி மேலே வருவதற்கும் வராததற்கும் சரிபாதி வாய்ப்பு, எங்கள் அட்டை வட்டு மாதிரியே. கி.மு. 177இல் எழுதப்பட்ட ஒரு களிமண் பலகையைப் படித்து, அதன் விதிகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல் மீட்டெடுத்தார்.

அரச கல்லறையில் கிடைத்த பலகை சிப்பியும் நீலக்கல்லும் பதித்தது. ஆனால் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஈராக்கின் வடக்கே இருக்கிற கோர்சபாத் என்ற இடத்தின் பழைய அரண்மனை வாசலில் நின்ற, சிறகுள்ள காளைச் சிலையின் கல்லில் யாரோ அதே இருபது கட்டத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள். காவலுக்கு நின்றவர்களாகத்தான் இருக்க வேண்டும். பொழுது போகவில்லை, பலகை இல்லை, கையில் கூரான ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "திட்டு வாங்கியிருப்பாங்களா?" என்று கேட்டான் சின்னவன்.

சரி, அட்டைக்கு வருகிறேன். பார்சல் வருகிற பழுப்பு அட்டைப் பெட்டியின் சுவரைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அந்த அலைகளின் குழல்கள் நீளுகிற திசையிலேயே மடிப்புக் கோடு வந்தால் அழகாக மடியும். குறுக்கே மடித்தால் முரண்டு பிடித்து நசுங்கும். பலகையை இரண்டாக மடித்து வைக்க வேண்டுமானால் வெட்டுவதற்கு முன்பே இந்தத் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாதியாக வெட்டிவிட்டு, அட்டையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு நடுவில் இடைவெளி விட்டு, பின்பக்கம் அகலமான டேப் ஒட்டலாம். இடைவெளி விடாமல் ஒட்டினால் மூடும்போது டேப் பிய்ந்துகொள்ளும்.

எங்கள் முதல் பலகை ஒரே இரவில் வளைந்து தோணியாகிவிட்டது. வெள்ளைத் தாளில் வரைந்த கட்டங்களை, தண்ணீர் கலந்த பசையைத் தாராளமாகத் தடவி அட்டையில் ஒட்டியிருந்தோம். ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையையும் தன் பக்கமாக இழுக்கும். பெரியவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது, நான்கு மணி நேரம் வரைந்த பலகை அது. பின்பக்கமும் அதே மாதிரி ஒரு தாளை அதே பசையால் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு வைத்தோம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்ததில் பலகை பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் எதை ஒட்டினாலும் முன்னும் பின்னும் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது.

காய்களுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டில் மூடி, பற்பசை மூடி, பழைய சட்டைப் பொத்தான், எழுதித் தீர்ந்த பேனாவின் மூடி. நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொருவர் காயிலும் ஒரு வடிவமும் வரைந்துவிடுங்கள். சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தெரியாத கண்கள் உண்டு, மாலை வெளிச்சத்தில் எல்லாருக்குமே குழப்பம்தான். எண்ணெய் பட்ட அட்டையை எடுக்காதீர்கள், பூச்சி வரும். தகர டப்பாவின் மூடி கையைக் கிழிக்கும். வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் காய் பெரிதாக இருக்க வேண்டும். பொம்மைகளைச் சோதிக்கிற உருளையின் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்பது கணக்கு. பழைய கருவிகளில் இருக்கிற பொத்தான் பேட்டரியையும் சின்னக் காந்தங்களையும் காயாக வைக்கவே கூடாது. விழுங்கினால் உள்ளே குடலையும் உணவுக்குழாயையும் துளைத்துவிடும். பிளேடு வைத்து வெட்டுகிற வேலை பெரியவர்களுடையது, அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

நாங்கள் செய்ததிலேயே அதிகம் விளையாடியது எறும்பு ஆட்டம். அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

முதலில் அது சாதாரண ஓட்டப் பந்தயம். பெரியவள் நூறு கட்டம் வரைந்திருந்தாள். ஒரு பகடையில் சராசரி வீச்சு மூன்றரை, அதனால் ஒருவர் நூறைத் தொடவே கிட்டத்தட்ட 29 வீச்சு ஆகும். நான்கு பேர் ஆடினால் நூற்றுக்கு மேல். சின்னவன் நாற்பதாவது கட்டத்திலேயே கீழே படுத்துவிட்டான். கட்டத்தை முப்பதாகக் குறைத்தோம். ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வீச்சில் முடிகிற ஆட்டம் ஆனது. ஆனாலும் அவன் எறும்பு கடைசியாகவே வந்தது. மூன்றாவது தடவை தோற்றதும் பலகையைத் தள்ளிவிட்டான். நான் அதட்ட வாயெடுத்தேன். அதற்குள் பெரியவள் காய்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எறும்பெல்லாம் ஏன் போட்டி போடணும்? எல்லாம் ஒரே வீட்டுக்குத்தானே போகுது?"

அன்று மாலை ஆட்டம் மாறியது. நான்கு எறும்புகள், நான்கு பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் 12 கட்டம், கடைசியில் புற்று. இன்னொரு பக்கம் ஆறு கட்டத்தில் மேகம் ஒன்று. பகடையில் ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மற்ற இரண்டு பக்கமும் மழைத்துளி. எண் விழுந்தால் எந்த எறும்பை வேண்டுமானாலும் நகர்த்தலாம். துளி விழுந்தால் மேகம் ஒரு கட்டம் நகரும். ஆறாவது கட்டத்துக்கு மேகம் வருவதற்குள் நான்கு எறும்பும் புற்றுக்குள் போய்விட வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் ஜெயிக்கிறோம், தோற்றால் எல்லாரும் நனைகிறோம்.

ஐந்து ஆட்டம் ஆடினோம், ஐந்திலும் நனைந்தோம். ஒவ்வொரு தடவையும் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. இங்கேதான் கணக்கு உள்ளே வந்தது, யாரும் கணக்கு என்று சொல்லாமலே. நான்கு எறும்புக்கும் சேர்த்து 48 அடி. ஆறு வீச்சு உருட்டினால் சராசரியாக எட்டு அடி நகர்கிறோம், இரண்டு துளி விழுகிறது. அப்படியென்றால் ஆறு துளி விழுவதற்குள் 24 அடிதான். சரியாகப் பாதி! பெரியவள் இதை விரல் விட்டு எண்ணிக் கண்டுபிடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு துளியை அழித்து அந்த இடத்தில் ஒன்று போட்டாள். இப்போது ஆறு வீச்சுக்கு ஒன்பது அடி, ஒரே துளி. 48 அடிக்கு 32 வீச்சு, அதற்குள் ஐந்து துளிக்குக் கொஞ்சம் மேல். மேகத்துக்கு ஆறு கட்டம். கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி ஆனது ஆட்டம். ஒரு நாள் ஜெயிப்போம், ஒரு நாள் கடைசி எறும்பு புற்று வாசலில் நிற்கும்போது மழை கொட்டும். அந்த நாட்களில்தான் "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்று கெஞ்சல் அதிகம்.

எல்லா ஆட்டத்தையும் இப்படிச் சேர்ந்து ஆடுவதாக மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோற்கக் கற்பதும் வேண்டும். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமாகவே இல்லை, ஆனாலும் ஆட்டம் நியாயமானது. அதை அட்டையில் கோடு போட்டு ஆடக் கற்றுக்கொடுத்தபோது, "சமமா இல்லாம எப்படிச் சரியா இருக்கு?" என்று பெரியவள் கேட்டாள். அந்தக் கேள்வியோடு அவள் இன்னமும் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஆடாக இருக்கத்தான் விரும்புகிறாள்.

விதிகளைப் பென்சிலால் எழுதுவது எங்கள் வீட்டுச் சட்டம். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் மாற்றக் கேட்கலாம், எல்லாரும் சரி என்றால் அழித்து எழுதலாம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஷான் பியாஜே, கோலி ஆடுகிற பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிக் கேட்டு ஆராய்ந்ததை 1932இல் நூலாக வெளியிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, அசைக்க முடியாதது. வளர வளரத்தான், ஆடுகிறவர்கள் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்று புரிகிறது என்றார். என் வீட்டில் இரண்டு வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பதால் தினமும் இதைப் பார்க்கிறேன். அக்கா விதியை அழித்தால் தம்பிக்குப் பதறும். "அது தப்பு, எழுதியாச்சு!" என்பான். போன மாதம் அவனே ரப்பரை எடுத்து வந்து, தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற வரியைக் காட்டி, "இதை அழிச்சிடலாமா? எல்லாரும் சரின்னு சொன்னா மட்டும்" என்றான். தாயம் விழாமல் உட்கார்ந்திருப்பது ஐந்து வயதுக்கு எவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் சரி என்றோம்.

வேறு வழியில்லாமல் ஓர் ஆட்டத்தைச் சின்னவனுக்காக மட்டும் செய்தேன். ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே வரிசையில் எண் எழுதிய நீள அட்டை, ஒன்று அல்லது இரண்டு மட்டும் காட்டுகிற சுழலி. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி தொடங்காத பிள்ளைகளை இப்படிப்பட்ட பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு தடவை, பதினைந்து பதினைந்து நிமிடம் ஆட வைத்தார்கள். எண் அறிவு தெளிவாகக் கூடியது. எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. ஆடும்போது "ஒன்று, இரண்டு" என்று தொடக்கத்திலிருந்து எண்ணாமல், நிற்கிற கட்டத்திலிருந்து "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்துவதுதான் இதில் சூட்சுமம். சுழலிக்கு ஒரு பேப்பர் கிளிப்பும் பென்சிலும் போதும். வட்டத்தின் நடுவில் கிளிப்பை வைத்து, பென்சில் முனையை அதற்குள் ஊன்றி, சுண்டிவிட வேண்டும்.

பெரியவள் கேட்டது சொல் கட்டும் ஆட்டம். இதில்தான் நான் திணறிப்போனேன். ஆங்கிலத்துக்கு ஸ்கிராபிள் செய்த ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் எழுத்துக் காய்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார். அவருக்கு 26 எழுத்து. நமக்கு 247. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை என்றால் பெட்டி போதாது, ஙூவை வைத்துக்கொண்டு யாரும் ஒரு சொல்லும் கட்ட முடியாது.

வழி கிடைத்தது பொம்மைப் பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த ஒளி புகும் பிளாஸ்டிக்கில். அகர வரிசை க முதல் ன வரை 18 எழுத்தையும் அட்டையில் எழுதினோம். பிளாஸ்டிக்கைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அழியாத மார்க்கரால் புள்ளி, கால், கொக்கி, சுழித்த கொக்கி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஏழு குறிகளை எழுதினோம். ப அட்டையின் மேல் புள்ளித் துண்டை வைத்தால் ப். எடுத்துவிட்டுக் கொக்கியை வைத்தால் பி. முன்னால் கொம்பும் பின்னால் காலும் வைத்தால் பொ. உகரமும் ஊகாரமும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாக வளைவதால் அவற்றை மட்டும் தனி அட்டையாக எழுத வேண்டியிருந்தது, அதிலும் கு, சு, டு, து, பு, மு, ரு, று மாதிரி அதிகம் புழங்குபவை மட்டும். உயிரெழுத்துக்குத் தனி அட்டை.

எத்தனை துண்டு வெட்டுவது என்று தெரிய, பட்ஸ் செய்ததையே செய்தோம். பெரியவளின் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து, மூன்று பேரும் எண்ணினோம். சின்னவனுக்கு எழுத்தெல்லாம் தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். "நான் புள்ளி எண்றேன்" என்றான். கடைசியில் அவன் கணக்குதான் பெரிய கணக்கு, மற்றக் குறிகள் எதுவும் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால் எங்கள் பெட்டியில் மற்றக் குறிகள் நான்கு நான்கு துண்டு, புள்ளி மட்டும் பதினைந்து. அவன் இன்னும் முழுச் சொல் கட்டுவதில்லை. அக்கா கட்டுகிற சொல்லில் புள்ளி வைப்பது அவன் வேலை, வைக்கும்போது "இக்", "இம்" என்று உரக்கச் சொல்வான். கண்ணுக்கு எதிரே க, க் ஆவதையும் ம, ம் ஆவதையும் அவன் கையாலேயே பார்க்கிறான்.

பார்க்க அழகாக இருக்காது இதெல்லாம். பகடையில் செய்தித்தாள் துருத்திக்கொண்டிருக்கும், கட்டங்கள் கோணலாக இருக்கும். நேர்கோடு போட்டுத் தருகிறேன் என்று நான் ஸ்கேலை எடுத்தால் பெரியவள் வாங்கி வைத்துவிடுவாள். நானும் பழகிவிட்டேன். பிள்ளை வரைந்த கோணல் கட்டத்தைத் திருத்தி வரைந்து தருகிற பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்: அந்தக் கையைக் கொஞ்சம் கட்டி வையுங்கள். உங்கள் நேர்கோடு வந்த அந்த நிமிடத்தில் அது உங்கள் ஆட்டமாகிவிடுகிறது. அப்புறம் அதில் தப்பு இருந்தால் அவர்கள் உங்களிடம்தான் புகார் சொல்வார்கள், தாங்களே பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

மோனோபொலியின் மூலமான ஆட்டத்தை எலிசபெத் மேகி வடிவமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். அது முப்பது ஆண்டு பெரும்பாலும் வீட்டில் செய்த பலகைகள் வழியாகத்தான் பரவியது. ஆடியவர்கள் துணியிலும் அட்டையிலும் நகல் வரைந்து, தங்கள் தெருப் பெயர்களை எழுதி, விதிகளை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது அதிசயமாக இருந்தது. இப்போது அவ்வளவு அதிசயமாக இல்லை.

காரணம், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் எறும்பு ஆட்டத்தைக் கேட்டு வாங்கிப் போயிருந்தான். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. மூன்றாவது பாதையின் நடுவில், எட்டாவது கட்டத்தின் மேல், நீல நிறத்தில் ஒரு பாலம் ஒட்டியிருந்தது. நான்காவது பாதையும் அதன் மேலேயே ஏறிப் போகிற மாதிரி வளைத்து வரைந்திருந்தான். விதித் தாளின் கீழே புதுக் கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி: 'பாலத்தில் இரண்டு எறும்பு சேர்ந்து நின்றால் பாலம் உடைந்துவிடும்.' பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். அழிக்க வேண்டுமா என்று கேட்டபடி சின்னவன் ரப்பரோடு வந்து நின்றான்.

"இரு, முதல்ல ஆடிப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவள் எறும்புகளை எடுத்து வைத்தாள்.